ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கும் நாவல்

அக்டோபர் 6, செவ்வாய்

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து பீரோவுக்கு மேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிக்கு ஓர் அறிவுரை உண்டு. இன்றைக்கு: ‘தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்க ஏற்ற தருணம்.’ எங்கள் வீட்டு விவசாயம் தொட்டியில் இருக்கும் ஒரு கற்றாழை. அதற்கு வட்டப்பாத்தி எடுத்தால் தொட்டி உடையும்.

எழுத உட்கார்ந்த விஷயம் இதுதான்: நாவலுக்கு முன்கதை வேண்டுமா, வேண்டாமா?

காலையில் பதிப்பாளர் நிலவழகன் சென்னையிலிருந்து பேசினார். புத்தகக் கண்காட்சிக்கு வர வேண்டுமானால் இந்த மாதக் கடைசிக்குள் ஃபைல் அனுப்ப வேண்டுமாம். ஒரே ஒரு சந்தேகம் அந்த முன்கதை. இப்போதெல்லாம் வாசகர்கள் கடையில் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வைத்துவிடுகிறார்களாம். என் முதல் பக்கத்தில் ஒரு பிணம் கிடக்கிறது. இது ஆளை இழுக்குமா, விரட்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவி இருக்கட்டும் என்கிறாராம், மைத்துனர் தூக்கச் சொல்கிறாராம். நீங்களே முடிவு பண்ணுங்க மேடம், ஆனா சரியா முடிவு பண்ணுங்க என்று சொல்லி வைத்துவிட்டார். இந்த மாதிரி யோசனையை நானே எனக்குச் சொல்லிக்கொள்ள முடியும்.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தோம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அக்டோபர் 7, புதன்

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்காரரைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றதால் அல்ல. இருபது வருஷமாக வாரப் பத்திரிகையில் நான் எழுதும் நகைச்சுவைப் பத்தியில் தோசைக்கல்லை டேப் வைத்து அளக்கும் ஆசாமி அவர்தான். பிள்ளை இல்லாத வீடு. கிண்டல் பண்ண வேறு யார் இருக்கிறார்கள்? பஸ்ஸில் யாரோ ஒரு அம்மாள் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, ‘தோசைக்கல்லு சார்தானே?’ என்று கேட்டு இடம் கொடுத்திருக்கிறாள். வந்து பெருமையாகச் சொன்னார். குற்றாலலிங்கம் என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

போன வருஷம் எனக்கு ஐம்பத்து மூன்று ஆனபோது, சிரிக்க வைத்தது போதும், இனி ஒரு சீரியஸ் நாவல் எழுதி இலக்கிய உலகத்தைத் திகைக்க வைக்கலாம் என்று ஒரு கிறுக்கு பிடித்தது. கதாநாயகன் ஒரு சர்வேயர். வேறு யாரை எனக்குத் தெரியும்? ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அந்த ஆள் சிரிப்பாகவே வந்து நின்றார். சீரியஸ் என்று காட்ட என்ன வழி? ஆளைக் கொன்றேன். அதுவும் முதலிலேயே, முன்கதையில்.

எட்டுப் பக்கம். கூடத்தில் சர்வேயர் படுத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அனுப்புவதா, போட்டபடியே அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். மனைவி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் யாரோ கழற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு முதல் அத்தியாயம், முப்பது வருஷத்துக்கு முன்னால், பெண் பார்க்க வந்து எங்கள் வீட்டு வாசலை அளக்கும் இடம்.

எழுதி முடித்த அன்று நானே என் முதுகைத் தட்டிக்கொடுத்து ஒரு தட்டு பஜ்ஜி தின்றேன். அவருக்கு அப்போது ஒரு தும்மல்கூடக் கிடையாது.

அக்டோபர் 9, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன். டைரியிடம் மூன்று நாள் நாடகம் போட்டதே அதிகம்.

செவ்வாய்க்கிழமை டாக்டர், ‘சார், நீங்க போய் எடை பார்த்துட்டு வாங்க’ என்று அவரை வெளியே அனுப்பினார். உள்ளே நானும், அவருடைய அக்கா ஆவுடை மைனியும். கணையம் என்றார். ஈரலுக்கும் போய்விட்டது என்றார். கத்தி வைத்துப் பிரயோஜனமில்லை, மருந்து ஏற்றினால் அவஸ்தைதான் மிச்சம் என்றார். எல்லாவற்றையும் ஏதோ பரீட்சைக்குப் படிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டர், ‘பத்தியம் ஒண்ணும் இனிமே வேண்டாம்மா. ஆசைப்பட்டதைக் குடுங்க’ என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டர்கள் எத்தனையோ விதமாகப் பேசுவார்கள், நம் ஊரில் இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை.

மைனி அங்கேயே முடிவு செய்துவிட்டாள். தம்பிக்குத் தெரியக் கூடாது. அவர்கள் அப்பாவுக்கும் சொல்லவில்லையாம், வயிற்றுப் புண் என்றே நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனாராம். எங்கள் குடும்பங்களில் இதுதான் முறை. நோய் என்னவென்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும், ஆட்டோக்காரருக்குத் தெரியும், தெருவில் அயர்ன் பண்ணுகிறவருக்குத் தெரியும். நோயாளி மட்டும் வெளியே எடை பார்த்துக்கொண்டிருப்பார்.

திரும்பி வந்தவர் எடையைக் கிராம் வரைக்கும் சொன்னார். கணையத்தில் கொஞ்சம் வீக்கம், மாத்திரையில் அமர்ந்துவிடும் என்று நான் சொன்னேன். இருபது வருஷம் பொய் எழுதிச் சம்பாதித்தவளுக்கு இது ஒரு வரி.

அக்டோபர் 10, சனி

காபியில் சர்க்கரை போட்டேன்.

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. பதினைந்து வருஷமாக அவருக்குச் சர்க்கரை வியாதி. அந்தப் பதினைந்து வருஷமும் இந்த வீட்டின் சர்க்கரை டப்பாவுக்கு நான்தான் போலீஸ். கல்யாண வீட்டில் பாயசக் கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன், சம்பந்தக்காரர்கள் பார்க்க. அதை வைத்து நாலு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

இன்று ஒன்றரைக் கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். புது மாத்திரைக்கு இனிப்பு சாப்பிடலாமாம் என்றேன். ‘நல்லாருக்கு’ என்றார். முழுவதும் குடித்தார்.

டைரியின் அடியில்: ‘நெல்லில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டால் உடனே கவனிக்கவும்.’

அக்டோபர் 12, திங்கள்

முன்கதையை அழித்துவிட்டேன்.

மாலையில்: கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியிலிருந்து திரும்ப எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 15, வியாழன்

எனக்குக் கருநாக்கு என்று சின்ன வயதிலேயே சொல்வார்கள். ‘இந்தக் கொடி அறுந்துரும் போலிருக்கே’ என்பேன், துணியோடு அறுந்து விழும். பேனாவுக்கும் அந்த நாக்கு உண்டென்று யாரும் சொல்லவில்லை.

பகுத்தறிவுக் கட்சி நான். மேடையேறிப் பேசியிருக்கிறேன். ஆனால் நேற்றிலிருந்து அந்த எட்டுப் பக்கத்தை மாற்றி எழுதினால் மேலே யாராவது கோப்பைத் திருப்பிப் பார்க்க மாட்டார்களா என்று ஒரு புத்தி. முதலில் சர்வேயருக்கு எண்பது வயதாக்கி, ஊஞ்சலில் உட்கார வைத்தேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஊஞ்சலின் நீளத்தை அளந்தார். அடுத்ததில் அவரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கொன்றேன். மூன்றாவது பக்கத்தில் பாவமாகப் போய்விட்டது, எழுப்பி உட்கார வைத்தேன். பிறகு ஒரு நாயைக் கொன்று பார்த்தேன். நாவலில் நாயே கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்று வாசகர் முந்நூறு பக்கமும் தேடுவார்.

மத்தியானம் நிலவழகன் பேசினார். முன்கதை கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாராம். அதுதான் புத்தகத்தின் உயிர் என்றார். நான் போனை வைத்துவிட்டுப் புளி கரைத்தேன். சாம்பாரில் உப்புப் போட மறந்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். உப்பு இல்லை என்று சொல்லாத மனிதரா இவர்? நாலு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

அக்டோபர் 18, ஞாயிறு

வீட்டில் ஆப்பிள் வைக்க இடமில்லை.

மைனி யாரிடமும் சொல்லவில்லையாம். அவளுடைய சம்பந்தியிடம் மட்டும் சொன்னாளாம். சம்பந்தி யாரிடமும் சொல்லவில்லையாம். ஆக, ஊர் முழுக்க வந்துவிட்டது. ‘சும்மா இந்தப் பக்கம் வந்தோம்’ என்று வருகிறார்கள். தெரு முட்டுச்சந்து. இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டைத் தவிரப் போக வேறு இடமில்லை.

உச்சம், பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவி பொற்கொடி. காம்பவுண்டுச் சுவரில் எங்கள் இடம் இரண்டடி அவர்கள் பக்கம் போயிருக்கிறது என்று இவர் அளந்து சொன்னதிலிருந்து எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. குப்பைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொட்டுவாள். இன்று மாதுளம்பழத்தோடு வந்து, அவர் கட்டில் அருகில் நின்று, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி, ‘அண்ணாச்சி, அந்த ரெண்டடிய நீங்களே வச்சுக்கிடுங்க’ என்றாள்.

மைனி அவளை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அவர் ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், ‘ஏட்டி, எதுக்கு எல்லாரும் ஆப்பிளோட வாராவ?’

விலை இறங்கியிருக்கிறது என்றேன்.

அக்டோபர் 20, செவ்வாய்

நாவலைக் கேட்கிறார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். நான் எழுதுவதை முதலில் படிப்பது அவர்தான். தன்னைப் பற்றிய கிண்டலுக்கே கமா போட்டுத் தருவார். நாவலை மட்டும் முழுசாக முடித்துவிட்டுக் கொடு, துண்டு துண்டாகத் தராதே என்று சொல்லியிருந்தார். இன்று காலை, முடிஞ்சாச்சுல்லா, கொண்டா என்றார். முடியவில்லை, முன்கதையில் ஒரு சிக்கல் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். முன்கதையை மட்டும் விட்டுவிட்டு மீதியை அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, வரும் வழியில் இரண்டு சிவப்புப் பென்சிலும் வாங்கினேன். ஒன்று போதும். இரண்டு வாங்கினால் இரண்டும் தீரும்வரை இருப்பார் என்று ஒரு கணக்கு. நான் எந்த மாதிரி ஆளாகிவிட்டேன் என்று பாருங்கள்.

அக்டோபர் 22, வியாழன்

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து படிக்கிறார். நான் அடுக்களையில் முருங்கைக்கீரை உருவுகிறேன். ஒரு சத்தம் வந்தால், அது சிரிப்பா வலியா என்று இங்கிருந்தே பிரிக்கப் பழகிவிட்டேன். சிரிப்புக்கு முன்னால் மூக்கில் ஒரு காற்று வரும். வலிக்கு முன்னால் பக்கம் திருப்பும் சத்தம் நின்றுவிடும்.

கீரை உருவியதில் காம்பைப் பாத்திரத்தில் போட்டு, இலையைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

நிலவழகன்: முன்கதை வேண்டாமாம். மைத்துனர் ஜெயித்துவிட்டார்.

அக்டோபர் 25, ஞாயிறு

மத்தியானம் கூப்பிட்டார். ஸ்பைரல் புத்தகம் மடியில் மூடியிருந்தது. முடித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

‘முடிச்சிட்டேன். எட்டுப் பக்கம் எங்க?’

எந்த எட்டுப் பக்கம் என்றேன். முதல் பக்கத்தைத் திருப்பிக் கீழே விரலை வைத்தார். 9 என்று போட்டிருந்தது. முன்கதையை உருவியவள் பக்க எண்ணை மாற்றவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஊராருடைய நிலத்தில் காணாமல் போன இடத்தைத் தேடிய மனிதரிடம், எட்டுப் பக்கம் குறையும் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன்.

சமர்ப்பணம், நன்றி, பதிப்பாளர் முகவரி என்றெல்லாம் உளறினேன். எட்டுப் பக்கத்துக்கு நன்றி சொல்ல உனக்கு யாரு இருக்கா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

‘முன்கதை ஒண்ணு இருந்துச்சு. நல்லா வரலை. எடுத்துட்டேன்.’

‘அதுல நான் செத்துட்டேனா?’

கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதைக் கீழே வைக்க ஓர் இடம் தேடினேன். ஆப்பிள் இல்லாத இடமே அந்த அறையில் இல்லை.

கதைதானே, சும்மா ஒரு உத்திக்காக, நீங்க நல்லா இருக்கும்போது எழுதினது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

‘சவத்த விடு. நீ என்னைக்குக் காபில சக்கரை போட்டியோ, அன்னைக்கே நான் முன்கதையப் படிச்சிட்டேன்.’

நான் அழவில்லை என்று எழுதலாம். டைரியில் பொய் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? கட்டில் சட்டத்தில் தலையை வைத்து, மூக்கு ஒழுக, ஐம்பத்து நாலு வயதுப் பொம்பளை அழுத அழுகையை இங்கே விவரிக்காமல் விடுகிறேன். என் தலைமேல் அவர் கை இருந்தது. எடையே இல்லை அந்தக் கைக்கு.

ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டால் நீ சொல்ல வேண்டியிருக்கும், உன் மூஞ்சியைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்றார். அக்காவும் பாவம், அப்பாவுக்கு வயிற்றுப் புண் என்று சொன்ன பொய்யை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாள் என்றார். அப்பாவுக்குத் தெரியுமாம். இவரிடம் மட்டும் சொல்லியிருந்தாராம்.

‘பொற்கொடி ரெண்டடிய விட்டுக்குடுத்தால்லா, அப்பதான் கொஞ்சம் பயந்துட்டேன். அவ்வளவு கிட்டயா இருக்குன்னு.’

இருவரும் சிரித்தோம். சிரிப்பு அவருக்கு வலித்தது. ஆனாலும் சிரித்தார்.

பிறகு, அந்த எட்டுப் பக்கத்தைக் கொண்டா என்றார்.

அக்டோபர் 26, திங்கள்

இன்று மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லை. டாக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்தார், ஒட்டுகிற பட்டை. தோளில் ஒட்டினேன். படிக்கவில்லை.

அக்டோபர் 28, புதன்

முன்கதையைப் படித்துத் திருத்திக் கொடுத்துவிட்டார். கை நடுங்கியிருக்கிறது, கோடுகள் நேராக இல்லை. ஸ்கேல் இல்லாமல் அவர் போட்ட கோட்டை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

பிணம் ‘தெற்கே தலை வைத்து’ என்று எழுதியிருந்தேன். பக்கத்தில்: ‘நம்ம கூடம் பதினோரு டிகிரி கிழக்கே சாய்ந்தது. சரிபார்.’ ஒரு சொந்தக்காரரின் ஒப்பாரி வசனத்துக்கு: ‘அக்கா இப்படிப் பேச மாட்டாள். இதைவிடச் சத்தமாகப் பேசுவாள்.’ கண்ணாடியைக் கழற்றும் வரியைச் சுழித்து, ஓரத்தில்: ‘கழற்றாதே. அங்கே போய் யார் யார் என்று தெரிய வேண்டாமா?’ மனைவி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் இடத்தில்: ‘இது நம்பும்படி இல்லை.’

முன்கதை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டேன். பதிப்பாளருக்காக இல்லை. அவர் நினைப்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தண்ணீர் கேட்டார். இரண்டு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்: ‘முடிவு தெரியாம படிச்சா, அடுத்து என்ன அடுத்து என்னன்னு ஓடுதோம். நானும் வியாழக்கிழமை அப்படித்தான் ஓடினேன். தெரிஞ்சிட்டா உக்காந்து படிக்கோம். அந்தப் பொண்ணு பாக்க வந்த இடம் இருக்குல்லா, வாசலை அளந்து உங்க அப்பாட்ட திட்டு வாங்குறது. இந்த எட்டுப் பக்கத்தப் படிச்சிட்டு அத மறுபடி படிச்சேன். மொத தடவ சிரிப்புதான் வந்துச்சு. இப்ப அந்தப் பய மேல ஒரு பிரியம் வருது. இருக்கட்டும்ட்டி.’

உங்களைக் கொன்ற பக்கம் அது என்றேன்.

‘நீ எழுதினதுனாலயா சாகுதேன்? உன் எழுத்துக்கு அவ்வளவு சக்தி கெடயாது.’

இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே ஆறுதலானது இது.

அக்டோபர் 30, வெள்ளி

ஃபைலை அனுப்பிவிட்டேன், முன்கதையோடு. கண்ணாடியைக் கழற்றவில்லை. மனைவி இப்போது பேசுகிறாள். கண்ணாடியில் கை வைத்தவனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள், அதை நிலவழகன் அச்சிடுவாரா தெரியவில்லை. அவர் உடனே போன் செய்தார். மைத்துனர் வருத்தப்படுவாரே என்றார். மைத்துனரை ஒரு நாவல் எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

கண்காட்சி ஜனவரியில். டாக்டரிடம் ஜனவரி என்ற மாதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அச்சகத்திலிருந்து ஒரே ஒரு பிரதியாவது முன்கூட்டி வருமா என்று நிலவழகனிடம் கேட்டேன். ஏன் மேடம் என்றார். முதல் வாசகருக்கு என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, பார்க்கிறேன் மேடம் என்றார். அந்தக் குரலை வைத்து, சென்னை வரைக்கும் சம்பந்தி சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் காபி கொண்டுபோனேன். டம்ளரை வாங்காமல், ‘சக்கரை போட்டிருக்கியா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

‘இனிமே போடாத. சக்கரை போட்ட காபியக் குடிச்சா பயமா இருக்குட்டி.’

அந்தக் காபியை அடுக்களையில் நின்று நானே குடித்துவிட்டு, வேறு போட்டேன். டப்பாவைத் தொடவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, ‘மனுசன் குடிப்பானா இத’ என்றார்.

குடிக்கத்தான் வேண்டும் என்றேன். ரொம்ப அதட்டலாகவே சொன்னேன். பாதி வரைக்கும் குடித்தார்.